பட்ட மரம் வீணல்ல: காளானும் காட்டுத்தேனீயும் பார்க்கப் பழகுவோம்



மண்புழு, பஞ்சகவ்யம், மூடாக்கு எல்லாம் நாம் நிறையவே பேசியாகிவிட்டது. இந்த முறை செலவே இல்லாத ஒரு பாடம். கொஞ்சம் கண்ணும், கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இன்னும் நல்லது. அவங்க கண்ணுக்குத் தெரிவதில் பாதி நமக்குத் தெரியாது.

நான் 34 வருடம் வங்கியில் கணக்குப் பார்த்தவன். ஓய்வுக்குப் பிறகு சிறுமலை அடிவாரத்தில் 4 ஏக்கரில் தென்னை, முருங்கை, கத்தரி, பூசணி என்று இயற்கை வழியில் செய்து வருகிறேன். பேரப்பிள்ளைகள் லீவுக்கு வரும்போதெல்லாம் வீட்டம்மாவும் நானும் அவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர்க் கோயில்காட்டுக்கும் ஓடைக்கரைக்கும் காலையில் ஒரு நடை போய் வருவோம். அந்த நடையில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதை ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் குப்பை என்று நினைத்துக் கொளுத்துகிற பட்ட மரம், சருகு, புற்று, வெறும் வரப்பு இவைதான் நம் மண்ணுக்கும் மகசூலுக்கும் வேலை செய்கிற உயிர்களின் வீடு.

எங்கே, எப்போது நடப்பது?

பெரிய காடு தேவையில்லை. கோயில்காடு, ஏரிக்கரை, ஓடைப் புறம்போக்கு, பழைய புளியந்தோப்பு, நம் தோட்டத்து வேலியோரம் எதுவும் போதும். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது, அங்கிருந்து எதையும் எடுத்து வரவும் கூடாது.

காளான் பார்க்க மழை விட்ட இரண்டாம், மூன்றாம் நாள் நல்லது. எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை, அதுதான் காளானுக்குப் பருவம். கோடை மழைக்குப் பிறகும் கொஞ்சம் முளைக்கும். தேனீ பார்க்க வெயில் ஏறிய பிறகு, 8 மணியிலிருந்து 11 மணி வரை போங்கள். மழை ஓய்ந்து வெயில் அடிக்கிற காலையில் போனால் இரண்டையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம்.

கையில் ஒரு குச்சி, காலில் செருப்புக்குப் பதில் மூடிய ஷூ, ஒரு நோட்டு, ஒரு பூதக்கண்ணாடி. விழுந்து கிடக்கும் கட்டையைப் புரட்டும்போது அதன் அடியில் கையை விடக் கூடாது. குச்சியால் நம் பக்கமாகப் புரட்டினால், அடியில் பாம்போ தேளோ இருந்தாலும் எதிர்ப்பக்கமாகப் போய்விடும். பார்த்து முடித்ததும் கட்டையை இருந்தபடியே திருப்பி வைத்துவிட வேண்டும்.

காளான்: கண்ணுக்குத் தெரிவது பழம் மட்டும்

பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியது இது. நாம் பார்க்கிற குடை, மாமரத்தில் தொங்கும் மாங்காய் மாதிரி. மரம் எங்கே? மண்ணுக்குள்ளும் கட்டைக்குள்ளும் நூலாக ஓடிக்கொண்டிருக்கிறது. மக்கிய சருகைக் கொஞ்சம் விலக்கினால் வெள்ளை வெள்ளையாக இழை தெரியும். அந்தப் பூஞ்சை இழைதான் உண்மையான உயிர். குடை இரண்டு நாளில் அழுகிவிடும், இழை வருடக்கணக்கில் வாழும்.

இந்த இழைகள் செய்யும் வேலை என்ன? மரத்தைக் கெட்டியாக வைத்திருப்பது லிக்னின் என்ற பொருள். அதை முழுசாக உடைக்கும் திறமை சில பூஞ்சைகளுக்குத்தான் பெரிய அளவில் உண்டு. மக்கிய கட்டையை உடைத்துப் பாருங்கள். வெளுத்து, நார் நாராகப் பிரிந்தால் லிக்னினைத் தின்ற பூஞ்சை. பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னக் கட்டமாக வெடித்துப் பொடிந்தால் செல்லுலோஸைத் தின்ற பூஞ்சை. எது தின்றாலும் முடிவில் மண்ணுக்குக் கிடைப்பது மக்கு.

நம் பக்கம் எளிதாக அடையாளம் காணக்கூடிய சில காளான்கள்:

புற்றுக்காளான். கரையான் புற்றைச் சுற்றி மழைக்குப் பின் முளைப்பது. இதன் காம்பு வேர் மாதிரி மண்ணுக்குள் நீண்டு போய்க் கரையானின் கூட்டுக்குள் இருக்கும் பூஞ்சைத் தோட்டத்தில் முடியும். ஆமாம், தோட்டம்தான். கரையான் காய்ந்த சருகையும் கட்டையையும் மென்று கொண்டுவந்து, அதன்மேல் இந்தப் பூஞ்சையை வளர்த்துத் தின்கிறது. சுமார் 3 கோடி ஆண்டுகளாக இந்த விவசாயம் நடக்கிறது. நாம் உழவு தொடங்கிப் பத்தாயிரம் ஆண்டுகள்தான் ஆகிறது. கரையான் இல்லாமல் இதை நாம் பண்ணையில் வளர்க்க முடிவதில்லை. "இடி இடிச்சா காளான் முளைக்கும்" என்று பெரியவங்க சொல்லுவாங்க. இடியோடு வருகிற நல்ல மழைதான் புற்றுக்குள் ஈரம் சேர்த்து அதை வெளியே தள்ளுகிறது.

பிளவுச்செவுள் காளான். காய்ந்த மாங்கிளையிலும் மூங்கிலிலும் சின்ன விசிறி மாதிரி, மேலே வெள்ளை ரோமத்தோடு இருக்கும். வெயிலில் சுருங்கிக்கொள்ளும். நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் விரிந்துவிடும். பேத்தி இதைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது தூங்கிக்கிட்டிருந்துச்சா?" என்று கேட்டாள். சரியான கேள்விதான்.

பறவைக்கூட்டுக் காளான். மூடாக்கிலும் எருக்குவியலிலும் மக்கிய குச்சியிலும் பாருங்கள். மிளகு அளவிலிருந்து சுண்டைக்காய் அளவுக்குள் சின்னக் கிண்ணம், உள்ளே நாலைந்து முட்டை. மழைத்துளி கிண்ணத்துக்குள் விழுந்தால் முட்டைகள் தெறித்து வெளியே போகும். அந்த முட்டைக்குள்தான் வித்து இருக்கிறது.

மைக்குடைக் காளான். எருக்குழியிலும் வைக்கோல் போரிலும் காலையில் முளைத்து மாலைக்குள் கறுப்பு மையாக உருகிவிடும். இது வந்தால் குழியில் மக்குதல் நடக்கிறது என்று பொருள்.

தட்டுக்காளான். மரத்தில் அலமாரிப் பலகை அடித்ததுபோல் ஒட்டிக்கொண்டு கட்டையாக இருக்கும். இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

இன்னொரு கூட்டம் கண்ணுக்கே தெரியாது. பெரும்பாலான பயிர்களின் வேரோடு சேர்ந்து வாழும் வேர்ப்பூஞ்சை. இது குடை விடாது. மணிச்சத்தை வேர் எட்டாத தூரத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்து, பதிலுக்குச் செடியிடமிருந்து சர்க்கரை வாங்கிக்கொள்ளும். கடுகு, முட்டைக்கோஸ் குடும்பத்துக்கு இந்தக் கூட்டாளி கிடையாது. ஆழ உழுதால் இழை அறுந்துபோகும், ரசாயன மணிச்சத்து அதிகம் கொட்டினால் செடியே இந்த உறவைக் குறைத்துக்கொள்ளும்.

பார்ப்பது வேறு, தின்பது வேறு

இதைக் கண்டிப்பாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். நடையில் பார்க்கிற காளான் எதையும் வாயில் வைக்கக் கூடாது. மழைக்குப் பின் புல்தரையில் வெள்ளைக் குடையாக, பார்க்க அழகாக முளைக்கும் ஒரு காளானின் அடிச்செவுள் முற்றும்போது பச்சையாக மாறும். அதைத் தின்றால் கடுமையான வாந்தி, பேதி. வேறு சில காளான்கள் இன்னும் மோசம். தின்று பல மணி நேரம் ஒன்றும் தெரியாது. பிறகுதான் ஈரல் கெடுவது தெரியவரும், அப்போது காலம் கடந்துவிடும்.

மஞ்சள் போட்டு வேகவைத்தால் விஷம் போய்விடும், வெள்ளிக் கரண்டி கறுக்காவிட்டால் நல்ல காளான், பூச்சி தின்றிருந்தால் மனுஷனும் தின்னலாம் என்பதெல்லாம் தப்பு. ஊரில் பல தலைமுறையாகப் பறித்துத் தின்கிற புற்றுக்காளானைக்கூட, அதை நன்றாகத் தெரிந்த பெரியவர் பார்த்துச் சொன்னால் மட்டுமே சமைக்க வேண்டும்.

காட்டுத்தேனீ: பெட்டியில் இல்லாதவை

தேனீ என்றால் நமக்கு உடனே பெட்டிதான் ஞாபகம் வரும். உலகில் 20,000-க்கு மேற்பட்ட தேனீ வகைகள் உண்டு. அவற்றில் பெட்டிக்கு வருபவை விரல் விட்டு எண்ணக்கூடியவை.

நம் பக்கம் கூட்டமாக வாழ்பவை நான்கு. உயர்ந்த மரத்திலும் பாறையிலும் ஒற்றைப் பெரிய அடை கட்டும் மலைத்தேனீ. மரப்பொந்தில் பல அடை கட்டும் அடுக்குத்தேனீ. இதைத்தான் பெட்டியில் வைக்கிறோம். புதரில் சின்னக் கொம்பைச் சுற்றி உள்ளங்கை அளவு அடை கட்டும் கொம்புத்தேனீ. சுவர் இடுக்கிலும் பொந்திலும் பிசினால் சின்னக் குழாய் வாசல் வைத்து வாழும் கொட்டாத கொசுத்தேனீ. மலைத்தேனீக் கூட்டைக் கண்டால் குரல் எழுப்பாமல் விலகிப் போய்விடுங்கள். கல்லெறிதல், புகை எதுவும் வேண்டாம்.

இவை போக மற்றதில் பெரும்பாலானவை தனி வாழ்க்கை. ராணி இல்லை, வேலைக்காரத் தேனீ இல்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் தானே வீடு கட்டி, மகரந்தம் சேர்த்து, முட்டை வைத்து மூடிவிட்டுப் போகும். காக்க வேண்டிய தேன் கிடங்கு இல்லாததால் நம்மைத் துரத்திக் கொட்டுவதும் இல்லை. மூன்று பேரைத் தெரிந்துகொண்டால் போதும்.

தச்சுத்தேனீ. ஊரில் கருவண்டு என்பார்கள். அது வண்டு அல்ல, தேனீதான். காய்ந்த மூங்கிலிலும் பட்ட மரத்திலும் விரல் நுழைகிற அளவுக்கு வட்டமாகத் துளை போடும், கீழே மரத்தூள் கொட்டிக் கிடக்கும். முருங்கைப் பூவில் இதைத் தவறாமல் பார்க்கலாம்.

இலைவெட்டித் தேனீ. ரோஜா இலையிலோ துவரை இலையிலோ ஓரத்தில் காசு வைத்து வெட்டியதுபோல அரைவட்டம் இருந்தால் இதன் வேலை. பூச்சி தின்கிறது என்று மருந்து அடிக்கக் கூடாது. வெட்டிய இலையைச் சுருட்டித் துளைக்குள் குஞ்சுக்குத் தொட்டில் கட்டுகிறது. துவரைப் பூவில் மகரந்தச் சேர்க்கை செய்வதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

மண்தேனீ. நீலப்பட்டை போட்ட தேனீயும் இன்னும் பல சின்னத் தேனீக்களும் மண்ணுக்குள் வாழ்கின்றன. வரப்புச் சரிவிலும் ஒற்றையடிப் பாதை ஓரத்திலும், மூடாக்கு இல்லாத வெறும் மண்ணில் பென்சில் மொத்தத் துளையும் சுற்றிலும் கொஞ்சம் பொடி மண்ணும் இருந்தால் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். கால் நிறைய மகரந்தத்தோடு வந்து உள்ளே நுழையும்.

கத்தரிக்கும் தக்காளிக்கும் இவங்கதான் ஆள்

கத்தரி, தக்காளிப் பூவில் மகரந்தம் குழாய்க்குள் இருக்கிறது. நுனியில் சின்ன ஓட்டை மட்டும்தான். உப்பு டப்பாவைக் கவிழ்த்துக் குலுக்குகிற மாதிரி குலுக்கினால்தான் கொட்டும். தச்சுத்தேனீயும் நீலப்பட்டைத் தேனீயும் பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இறகை அடிக்காமல், இறகை அசைக்கும் தசையை மட்டும் அதிர வைக்கும். மகரந்தம் கொட்டிவிடும். அப்போது பறக்கும் சத்தம் மாறி, கொஞ்சம் உச்சத்தில் "ர்ர்ர்" என்று கேட்கும். பெட்டித் தேனீக்கு இந்த வித்தை வராது. கத்தரியும் தக்காளியும் காற்றிலும் ஓரளவு காய்க்கும்தான். ஆனால் பூ குலுக்கப்பட்டால் காய் பிடிப்பும் கூடும், காயும் நன்றாகத் திரளும்.

இந்தச் சத்தத்தைக் கேட்டுப் பழகச் சிறந்த இடம் ஆவாரஞ்செடி. ஆவாரம்பூவிலும் மகரந்தம் இப்படித்தான் குழாய்க்குள் இருக்கிறது. வேலியில் ஆவாரை இருந்தால் கத்தரிக்கு வேலை செய்கிற தேனீக்கு, கத்தரி பூக்காத நாளிலும் சாப்பாடு இருக்கும்.

ஒரே வகைத் தேனீயை நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்று நம் நாட்டிலேயே பார்த்திருக்கிறோம். 1991-92-ஐ ஒட்டித் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவி, அடுக்குத்தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. மார்த்தாண்டம் பக்கம் தேனீயை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் ரொம்பவும் அடிபட்டன. வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், இருக்கிற பணம் எல்லாவற்றையும் ஒரே ஆளுக்குக் கடன் கொடுக்கக் கூடாது.

காளானுக்கும் தேனீக்கும் என்ன சம்பந்தம்?

நடையில் ஒரு பட்ட மரத்தைத் தேர்ந்தெடுத்து வருடம் முழுக்க அதையே பாருங்கள், விடை கிடைக்கும். மரம் பட்டதும் முதலில் உள்ளே போவது பூஞ்சை. கட்டை இளகுகிறது. இளகிய கட்டையில் வண்டுப் புழுக்கள் குடைகின்றன, தச்சுத்தேனீ துளை போடுகிறது. அவை விட்டுப்போன துளையில் இலைவெட்டித் தேனீ குடி வருகிறது. உயிரோடு நிற்கும் மரத்திலும் இப்படித்தான். ஒடிந்த கிளையின் காயம் வழியே பூஞ்சை போய் நடுக்கட்டையை உளுத்துவிட, பொந்து உண்டாகிறது. அந்தப் பொந்துதான் அடுக்குத்தேனீக்கும் கொசுத்தேனீக்கும் வீடு, ஆந்தைக்கும் மைனாவுக்கும் வீடு. கடைசியில் மரம் விழுந்து, மக்கி, மண்ணாகிறது.

வங்கியில் வட்டியும் வராமல் அசலும் வராமல் கிடப்பதை வராக்கடன் என்று எழுதி ஒதுக்கி வைப்போம். பட்ட மரத்தையும் ஊரில் அந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறோம். கணக்கைச் சரியாகப் பார்த்தால், அந்த மரம் வேறு பெயரில் இன்னும் வட்டி கட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

நம் தோட்டத்தில் செய்ய வேண்டியவை

1. வேலியோரம் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் பட்ட மரம் ஒன்றிரண்டை நிற்க விடுங்கள். விழுந்தால் ஆபத்து என்றால் நெஞ்சு உயரத்துக்கு வெட்டி, மேல்பாகத்தைப் பக்கத்திலேயே கிடத்துங்கள்.

2. கட்டையையும் சுள்ளியையும் மண்ணின் மேலே போடுங்கள். மண்ணுக்குள் கலந்து உழக் கூடாது. கலந்தால் அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தை இழுத்துக்கொண்டு, கொஞ்ச காலம் பயிரை வெளிற வைத்துவிடும்.

3. எல்லா இடத்திலும் மூடாக்கு வேண்டாம். வெயில் படுகிற வரப்புச் சரிவில் 10 அடி நீளமாவது வெறும் மண்ணாக, கொத்தாமல், தண்ணீர் தேங்காமல் விடுங்கள். மண்தேனீக்கு அதுதான் வீட்டுமனை.

4. காய்ந்த மூங்கில், நாணல் தட்டை இவற்றை ஒரு சாண் நீளத்துக்கு, ஒரு முனை கணுவால் அடைபட்டிருக்கும்படி வெட்டிக் கட்டாகக் கட்டி, மழை படாமல், காலை வெயில் படும்படி நெஞ்சு உயரத்தில் தொங்கவிடுங்கள். துளைகள் பென்சில் நுழைகிற அளவும் அதைவிடச் சின்னதுமாகக் கலந்து இருக்கட்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுக் கட்டு மாற்றினால் ஒட்டுண்ணிகள் சேராது.

5. வேலியில் ஆவாரை, கொன்றை, நொச்சி, முருங்கை என்று மாறி மாறிப் பூக்கிறவை இருக்கட்டும்.

6. இயற்கை மருந்துதானே என்று வேப்பெண்ணெய்க் கரைசலையோ பவேரியா போன்ற பூஞ்சைக் கரைசலையோ பூவின்மேல் காலையில் அடிக்க வேண்டாம். தேனீ வேலை முடித்த பிறகு, சாயங்காலம் அடியுங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ரசாயனம் அடிப்பவரா? சண்டை வேண்டாம். "அண்ணே, பூ இருக்கிற நாள்ல காலையில அடிக்காதீங்க, உங்க பூசணிக்கும் அந்தத் தேனீதான் வரணும்" என்று சொல்லிப் பாருங்கள்.

தென்னந்தோப்பில் மட்டும் கணக்கு வேறு

மேலே சொன்னதைத் தென்னையில் அப்படியே செய்யக் கூடாது. மக்கும் தென்னங்கட்டையிலும் எருக்குழியிலும்தான் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும். ஆகவே விழுந்த தென்னையைத் தோப்பில் போட்டு வைக்காமல் அப்புறப்படுத்த வேண்டும். எருக்குழியில் இந்த வண்டின் புழுவை ஒழிக்க நாம் போடும் பச்சை மஸ்கார்டைனும் ஒரு பூஞ்சைதான்.

இரண்டாவது, தட்டுக்காளான். காட்டில் பட்ட மரத்தில் இருந்தால் அது தன் வேலையைச் செய்கிறது. உயிரோடு நிற்கும் தென்னையின் அடித்தூரில், பளபளப்பான செம்பழுப்பு நிறத்தில் வந்தால் அது கானோடெர்மா, தஞ்சாவூர் வாடல் நோய். 1952-ல் தஞ்சைப் பகுதியில் அடித்த புயலுக்குப் பிறகு கவனத்துக்கு வந்ததால் அந்தப் பெயர். காளான் வெளியே தெரியும் முன்பே அடிமரத்தில் செம்பழுப்புச் சாறு வடியும், அடிமட்டைகள் காய்ந்து தொங்கும். சாறு வடியும் நிலையிலேயே கண்டுபிடித்தால் பக்கத்து மரங்களைக் காப்பாற்ற வழி உண்டு. நோய் வந்த மரத்தைச் சுற்றித் தனிமைக் குழி எடுத்து, அதன் பாசன நீர் மற்ற மரத்துக்குப் போகாமல் தடுங்கள். சுற்றியுள்ள மரங்களுக்கு வேப்பம்புண்ணாக்கும், தொழுவுரத்தில் பெருக்கிய டிரைக்கோடெர்மாவும் இடுங்கள். டிரைக்கோடெர்மாவும் பூஞ்சைதான், இது நம் பக்கத்து ஆள். பட்டுப்போன மரத்தைத் தூரோடு தோண்டி எரித்துவிட வேண்டும். காட்டில் காளான் பார்த்துப் பழகிய கண், தோப்பில் இந்த ஆபத்தைச் சீக்கிரம் பிடித்துவிடும்.

நோட்டுப் பாடம்: பிள்ளைகளோடு மூன்று சோதனை

ஒன்று, வித்துப் பதிவு. குடைக்காளானின் காம்பை வெட்டிவிட்டு, குடையைப் பாதி வெள்ளை, பாதி கறுப்புக் காகிதத்தின் மேல் கவிழ்த்து, ஒரு டம்ளரால் ஓர் இரவு மூடி வையுங்கள். காலையில் வித்து கோலம் போட்டதுபோலப் பதிந்திருக்கும். நிறத்தைக் குறித்துக்கொண்டு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இரண்டு, பூ எண்ணிக்கை. ஒரு பூசணிப் பூவின் முன் காலை 7 மணிக்கு 15 நிமிடம் உட்காருங்கள். மதியத்துக்குள் பூ மூடிவிடும், அதனால் தாமதிக்க வேண்டாம். யார் யார் வந்தார்கள் என்று கோடு போட்டு எண்ணுங்கள். மாதம் ஒருமுறை எண்ணி வந்தால் தோட்டத்தின் நிலவரம் நோட்டிலேயே தெரியும்.

மூன்று, வலைப்பை. பூசணியில் மறுநாள் மலரப்போகிற பெண் மொட்டு 5-ஐக் கொசுவலைத் துணிப் பையால் மூடுங்கள், 5-ஐத் திறந்து விடுங்கள். பூ வாடிய பிறகு பையை எடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். மூடிய பூவின் பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்திருக்கும். தேனீ என்ன சம்பளம் வாங்காமல் செய்கிறது என்று அதற்கு மேல் யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கத்தரியிலும் இதே மாதிரி செய்து, மூடிய பூவிலும் திறந்த பூவிலும் எத்தனை காய் பிடித்தது, என்ன எடை என்று ஒப்பிடலாம்.

கோயில்காட்டைப் பற்றி ஒரு வேண்டுகோள்

பல ஊர்களில் திருவிழாவுக்கு முன்னால் கோயில்காட்டுச் சருகைக் கூட்டித் தீ வைப்பதும், பட்ட மரங்களை ஏலம் விடுவதும், சுற்றிலும் சிமெண்டுத் தளம் போடுவதும் நடக்கிறது. சாமிக்குச் சுத்தம் செய்கிறோம் என்ற நல்ல எண்ணம்தான். சாமி கும்பிடுகிற இடத்தையும் பாதையையும் சுத்தம் செய்வோம். மிச்சத்தை அப்படியே விட்டுவிடுவோம். புற்றை இடிக்கக் கூடாது, காட்டில் ஒரு குச்சியும் ஒடிக்கக் கூடாது என்று முன்னோர் போட்ட கட்டுப்பாடு இன்னும் பல கோயில்காடுகளில் வாய்வார்த்தையாக இருக்கிறது. ஊர்க்கூட்டத்தில் அதை நினைவுபடுத்த நம்மில் ஒருத்தர் எழுந்து பேசினால் போதும். கூடவே, எண்ணி எழுதிய அந்த நோட்டையும் கொண்டுபோங்கள். பிள்ளைகள் கைப்பட எழுதிய கணக்கைப் பெரியவர்கள் அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட மாட்டார்கள்.